ஏழாவது வட்டம்

தலைமை தாங்கும் போஸ்மா அம்மையாரே, ஃபிரீசிய மண்ணின் பெரியோரே, பால் கறந்த கை காயாமல் ஓடிவந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். என் முழங்கால்களை மறைக்கும் இந்த மேசைக்கும் வணக்கம். எங்கள் தலைமையாசிரியர் வந்திருக்கிறாரா? இல்லையா? அப்படியானால் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுகிறேன்.

நான்காண்டுகளுக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், என் அம்மா ரின்ஸ்கே நாடாளுமன்றத் தேர்தலில் நின்றாள். பெண் நிற்கலாம் என்றது சட்டம்; வாக்களிக்கக் கூடாது என்றதும் அதே சட்டம். வாசல்வரை வா, உள்ளே வராதே என்பது வரவேற்பா? பெயர் சொல்லி அழைத்துவிட்டு நாற்காலியை எடுத்துக்கொள்வது விருந்தா?

ரொட்டிக்கடை டௌவே கேட்டார்: "உன் ஓட்டையே உனக்குப் போட முடியாது. எங்ககிட்ட கேக்க வந்துட்டியாக்கும்?"

"சுடுற ரொட்டியெல்லாம் நீங்களேவா திங்கிறீங்க, டௌவே அண்ணே?" என்றாள் அம்மா.

சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அவளுக்கு வாக்களிக்கவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வெள்ளை வட்டம். விரும்பியவரின் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். கட்சிப் பட்டியலில் அம்மா ஏழாவது. பால்படகு ஓட்டும் என் அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுச் சாவடிக்குள் போனார். அம்மா வாய்க்கால் கரையில் நின்றாள். எண்ணி முடித்தார்கள். எங்கள் ஊரில் ரின்ஸ்கேவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை.

"நம்ம கட்சின்னா மொத வட்டம்தான்னு நெனச்சுட்டேன், ரின்ஸ்கே. எல்லாரும் அதத்தான் பண்ணாங்க" என்றார் அப்பா.

அம்மா சண்டையிடவில்லை. "பென்சில் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கட்டையா... நூல்ல கட்டியிருந்துச்சு."

அம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

பதவிக்கா ஏங்கினாள்? பட்டத்துக்கா ஏங்கினாள்? ஒரு கட்டைப் பென்சிலுக்கு ஏங்கினாள், தாய்மாரே. பெண்ணும் வாக்களிக்கலாம் என்று சட்டம் மாறியது. அதற்குப் பத்து மாதம் முன்பே விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

வரும் புதன்கிழமை தேர்தல். அந்தப் பென்சில் உங்கள் கையில். முதல் வட்டத்தில் நின்றுவிடாதீர்கள். இறங்குங்கள், இன்னும் இறங்குங்கள். பெண்ணின் பெயரைக் கீழேதான் எழுதியிருப்பார்கள்.

பின்வரிசையில் என் அப்பா எழுந்து நிற்கிறார். என்னப்பா?

"ஒண்ணுமில்லம்மா. இந்தத் தடவ கீழ வரைக்கும் படிக்கிறேன்."

கேட்டீர்களா, தாய்மாரே? எனக்குப் பதினாறு வயது; வாக்குரிமையோ இருபத்தைந்தில்தான். இன்னும் ஒன்பது ஆண்டு நான் வெளியேதான் நிற்க வேண்டும். புதன்கிழமை வாய்க்கால் கரையில், அம்மா நின்ற இடத்தில் நிற்பேன். வாக்களித்துத் திரும்பும்போது, பென்சில் எப்படி இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.