காருக்கு வைத்த கொக்கி

"நேத்துப் பூரா காருக்கு அடியிலதானுங்க்கா படுத்துக் கெடந்தேன்."

வேலந்தாவளத்தில் கிளம்பிய பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் பதறினார்.

"என்னாச்சு கண்ணு?"

"ட்ரெய்லர் இழுக்கக் கொக்கி வெச்சனுங்க. போல்ட்டு அத்தனையும் நானே முறுக்குனேன். எங்க ஊட்டுக்காரரு, 'இது ஒர்க்‌ஷாப்பு வேலை, உனக்கெதுக்கு'ன்னுட்டே இருந்தாரு."

"அப்பறம்?"

"காலைல தக்காளிய ஏத்திட்டு ட்ரெய்லர மாட்டுனா, பூட்டவே மாட்டேங்குது. அவரு சிரிக்கறாரு. குனிஞ்சு பாத்தா, ட்ரெய்லர் வந்து பூட்டற கொக்கி உருண்டை மேல சந்தனத்த அப்பி, மல்லிப்பூவச் சுத்தி வெச்சிருக்குது!"

"ஆரு வெச்சது?"

"அவரேதானுங்க. புதுசுக்குப் பூசை பண்ணாம எடுக்கக் கூடாதாம்! தொடச்சு விட்டேன், டக்குன்னு பூட்டிக்கிச்சு. இன்னிக்குச் சந்தைக்கு மொத லோடு எங்களுதுதானுங்க."

"அப்பறம் ஏன் பஸ்ஸுல வாற?"

"அவரு வந்தாத்தானுங்களே! வாறவங்க போறவங்களையெல்லாம் கூப்புட்டு, 'நாங்களே வெச்சோம்'னு சந்தையிலயே கொக்கியக் காட்டிட்டு நிக்கறாரு."

அம்மாள் சிரித்து ஓய்ந்து கேட்டார்: "அந்தப் பூவு?"

அவள் தலையைத் திருப்பினாள். கொண்டையில் மல்லிகை; ஓரத்தில் கிரீஸ்.