குடைக்காரர் காட்டிய வீடு

தம்பி: இல்லக்கா, நிஜமாவே கேக்கறேன். வீடு வாங்கிக் குடுக்கறதுதான் என் தொழிலே. நீ வேற ஒரு புரோக்கரப் பிடிச்சு வாங்கிட்டு, பத்திரமும் முடிஞ்சப்பறம் என்னைக் கூப்பிட்டு சாவியக் காட்டற.

அக்கா: படி கொஞ்சம் இருட்டா இருக்கும், பாத்து வா. கீழ ஒரு போர்ஷன், மேல ஒரு போர்ஷன். ரெண்டையுமே வாடகைக்கு விடப் போறேன்.

தம்பி: பேச்ச மாத்தாத.

அக்கா: கோவமா?

தம்பி: கோவமெல்லாம் இல்ல... நாலு பேர் கேப்பாங்கள்ல. சொந்த அக்காவே இவன்கிட்ட வரலன்னு.

அக்கா: வந்திருந்தா என்கிட்ட கமிஷன் வாங்கியிருப்பியா?

தம்பி: உன்கிட்டயா? சேச்சே.

அக்கா: அதான். சும்மா செஞ்சு குடுத்தவன அப்பறம் எப்படித் திட்டறது? என் டிரைவிங் ஸ்கூல்லயும் சொந்தக்காரங்களுக்கு நான் கத்துக் குடுக்கறதில்ல. பிரேக்க மிதின்னு அதட்டினா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க.

தம்பி: சரி... யாரைத்தான் பிடிச்ச?

அக்கா: குடைக்காரர்னு சொல்லுவாங்களே, அவரைத்தான். மழை பெஞ்சாதான் வீடு காட்டுவார்.

தம்பி: அது ஒரு கிறுக்குத்தனம்.

அக்கா: நீ சாயங்காலமா எல்லா லைட்டையும் போட்டு, வாசனையா ஸ்பிரே அடிச்சுக் காட்டுவ. அவர் கொட்டற மழையில கூட்டிட்டு வந்து, 'மேல பாருங்கம்மா'ன்னார். இதோ, இந்த மூலையில சொட்டிக்கிட்டிருந்துச்சு. 'இது சரி பண்ணிடலாம், பயப்படாதீங்க'ன்னார். இதுக்கு முன்னாடி பாத்த ரெண்டு வீட்டயும் அவரேதான் வேண்டாம்னு தடுத்தார். வாங்கியிருந்தா அவருக்குத்தான காசு.

தம்பி: ...நல்ல மனுஷன்தான். லோனுக்கு? மாமா கையெழுத்துப் போட்டாரா?

அக்கா: முதல்ல போன பேங்க்ல அதத்தான் கேட்டாங்க. 'சார் வரலையா மேடம்'னு. சார் ஸ்கூல்ல கார் கழுவிட்டிருக்கார்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்.

தம்பி: மாமா கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவார்.

அக்கா: கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். அடுத்த இடத்துல ஜூஸெல்லாம் குடுத்து, நான் கேட்டதுக்கு ரெண்டு மடங்கு தரோம்னாங்க. பெரிய வீடா பாருங்கன்னு...

தம்பி: வாங்கிக்க வேண்டியதுதான?

அக்கா: திருப்பிக் கட்டப் போறது அவங்களா? மூணாவது பேங்க் ஆபீசர் இருக்கார் பாரு, மருந்துக்குக்கூட சிரிக்கல. 'வாடகைக்கு ஆளே வராம வீடு பூட்டிக் கெடந்தா எப்படிக் கட்டுவீங்க'ன்னார். சுருக்குன்னுச்சு. ஆனா நான் தூக்கம் வராம புரண்டதும் அதே கேள்விக்குத்தான். அதுக்குன்னு தனியா ஒதுக்கி வெச்சிருந்த பணத்தக் காட்டினேன். கார் ரிப்பேராகி கிளாஸ் நின்னு போனா என்ன செய்வீங்கன்னார். அதுக்கும் பதில் வெச்சிருந்தேன். அப்பறம்தான் லோன் தரோம்னு எழுதிக் குடுத்தார். அது கைக்கு வந்தப்பறம்தான் குடைக்காரர விலையே பேசச் சொன்னேன்.

தம்பி: முக்காவாசிப் பேர் அத வாங்காமத்தான் விலை பேச வராங்க... கெட்டிக்காரிதான் நீ.

அக்கா: விலை பேசறதுதான் பெரும்பாடாப் போச்சு. விக்கறவர் பக்கம் ஒரு புரோக்கர். கல்லுளிமங்கன்.

தம்பி: ...அப்படியா?

அக்கா: குடைக்காரர் போன் மேல போன் போடறார், அசையவே மாட்டேங்கறான். மூலை ஒழுகுதேன்னா, 'அப்ப ஒழுகாத வீடா பாத்துக்கங்க'ங்கறான்.

தம்பி: அவன் வேலைய அவன் செஞ்சிருப்பான். விக்கறவருக்கு நல்ல விலை வாங்கிக் குடுக்கத்தான அவனுக்குக் கூலி.

அக்கா: உனக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?

தம்பி: இல்ல... தொழில் நியாயம் சொன்னேன்.

அக்கா: அது போதாதுன்னு இன்னொருத்தர் அதிக விலை தரேன்னு நடுவுல வந்துட்டார். கைவிட்டுப் போச்சுன்னே நெனச்சேன்.

தம்பி: நீ என்ன பண்ண?

அக்கா: ஒரு ரூபாகூட ஏத்தல. வீட்டுக்காரர் எதுக்கு விக்கறார்னு மட்டும் கீழ குடியிருந்தவங்கள விசாரிச்சேன். மக வீட்டோட போய் இருக்கப் போறாராம். அப்ப அவருக்கு வேண்டியது இழுபறி இல்லாம முடியறது. 'லோன் கையில இருக்கு, ஒழுகற மூலையோட அப்படியே வாங்கிக்கறேன், மாசக் கடைசிக்குள்ள பத்திரம்'னு சொல்லச் சொன்னேன். அந்த இன்னொருத்தர் அப்பதான் லோனுக்கே அலைய ஆரம்பிச்சிருக்கார்.

தம்பி: அங்க அடிச்ச பாரு...

அக்கா: பத்திரத்தன்னிக்கு அந்தக் கல்லுளிமங்கன் வரவே இல்ல. வயித்துவலியாம்.

தம்பி: இருக்கும் இருக்கும்.

அக்கா: புழுக்கமா இருக்குல்ல? அந்த ஜன்னலத் திறயேன்.

தம்பி: ம்... இந்தா.

அக்கா: அத லேசாத் தூக்கித் தள்ளினாதான் திறக்கும்னு சாவி குடுக்கறப்பதான் வீட்டுக்காரர் எனக்கே சொன்னார். உனக்கு யார் சொன்னா?

தம்பி: பழைய வீட்டு ஜன்னல்னா எல்லாம் அப்படித்தானக்கா.

அக்கா: கேக்கறேன்ல.

தம்பி: ...அந்தக் கல்லுளிமங்கன் நான்தான்க்கா. வாங்கறது நீன்னு தெரிஞ்சதுமே வீட்டுக்காரர்கிட்ட போய், 'அது என் அக்கா, நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டேன். 'பரவால்ல, நீயே பேசு'ன்னுட்டார். அப்படி நம்பின மனுஷனுக்கு எப்படித் துரோகம் பண்றது? நீ சொல்லி அனுப்பினத குடைக்காரர் சொல்லச் சொல்ல, போன வெச்சுட்டுக் கை தட்டணும்போல இருக்கும். என்னை இப்படி மடக்கினவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல... திட்டறதுன்னா திட்டு.

அக்கா: எதுக்குத் திட்டறது? குடைக்காரர் போன ஸ்பீக்கர்ல போட்டப்பவே உன் குரல் தெரிஞ்சு போச்சுடா. அக்காவாச்சேன்னு எங்க விலையில இறங்கிடுவியோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்துட்டேதான் கேட்டுட்டிருந்தேன். நீ இறங்கல. விலை படிஞ்ச அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் உங்க மாமாகிட்ட, வீடு கெடச்சதச் சொல்லவே மறந்துட்டேன்... என் தம்பிய யாராலயும் விலை பேச முடியாதுன்னுதான் முதல்ல சொன்னேன்.