மேல போயிட்டாரு

...அட, நீங்களே சொல்லுங்க சார். "மேல போயிட்டாரு"ன்னா இன்னா அர்த்தம்? எங்க கச்சிராபாளையத்துல பச்சப் புள்ளையக் கேளுங்க, மலைக்குப் போயிருக்காருன்னு சொல்லும். மேலன்னா மலை, கீழன்னா ஊரு. மலை அடியில குடியிருக்கறவன் வேற எப்பிடிப் பேசுவான்? பஸ்ஸு ஆடுது, கொஞ்சம் நகந்து உக்காருங்க, பையி இடிக்குது. ஆங்...

இந்தக் களமருதூரானுங்க இருக்கானுங்களே! சுத்தியும் நெல்லு வயலு. மேடுன்னு பாத்தா வரப்பு ஒண்ணுதான். அவனுங்களுக்கு மேலன்னா செத்தவன் போற எடம் மட்டுந்தான். கூமுட்டைங்க!

எங்க அண்ணன் இருசப்பன் பொண்ணு ஆண்டாள அந்த ஊரு கந்தசாமி மவனுக்குப் பேசி முடிச்சிருக்குது. வர்ற தையில கல்யாணம். அண்ணன் நேத்து காலைல கடுக்கா வாங்க மலை மேல கரியாலூரு போனாரு. மேல போனா அவரு போனுக்கு டவரு கெடைக்காது. அதனால சம்மந்தி எனக்குப் போட்டாரு.

"அண்ணன் எங்கங்க?"

"மேல போயிட்டாருங்க"ன்னேன். உள்ளதச் சொன்னேன்! "எப்பங்க?"ன்னு கம்முன கொரல்ல கேக்கறாரு.

"காலைலதாங்க."

"கஷ்டப்பட்டாரா?"

"சேச்சே, உக்காந்தாப்புலயே சொகமா போனாரு"ன்னேன். பஸ்ஸுல சீட்டு கெடைச்சிதான்னு கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன். கடுக்கா யாவாரியப் பத்தி வேற இன்னாத்தக் கேப்பாங்க?

"எடுத்துட்டாங்களா?"

"அப்பவே எடுத்துட்டாங்க, ஒரு நிமிசம் கூட வெச்சிருக்கல." அந்த டிரைவரு அப்பிடி சார், ஆளு ஏறுதோ இல்லியோ, டயம் ஆச்சின்னா வண்டிய எடுத்துருவான்!

"எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே"ன்னு தேம்பறாரு. "இதுக்கெல்லாமா சொல்லிக்கினு, மாசத்துல ரெண்டு வாட்டி போறவருதானே"ன்னேன். அங்கியாவது சுதாரிக்க வேணாம்? எவனாவது மாசத்துல ரெண்டு வாட்டி சாவறானா? துக்கத்துல எனக்குப் புத்தி பெரண்டு போச்சின்னு எடுத்துக்கினாராம். எனக்கு!

இன்னிக்கிக் காலைல வாசல்ல ஒரு வேனு வந்து நிக்குது. எடுத்தாச்சின்னு சொல்லிட்டேனா, மறுநாளு பாலு தெளிக்கறதுக்கு சொம்புல பாலு, மாலை, தலைவிரி கோலமா பொம்பளைங்க. "போயிட்டீங்களே சம்மந்தி"ன்னு ஓலம். எங்க அண்ணி தலை நெறைய பூ வெச்சிக்கினு, அடுப்புல மீனு வறுத்துக்கினு இருக்குது. கரண்டியோட வெளிய வந்து, "யாருங்க செத்துட்டாங்க?"ன்னு கேட்டுது பாருங்க, சம்மந்தியம்மா சாலம்மா அங்கியே சாஞ்சிட்டாங்க.

விசயம் தெரிஞ்சதும் சிரிச்சிட்டு, மீனத் துன்னுட்டுப் போவ வேண்டியதுதானே? இல்லியே! சாலம்மாளுக்கு சகுனம் கெட்டுப் பூட்டுதாம். "சாவு அழுத வாசல்ல எப்பிடிப் பொண்ணு எடுக்கறது? இருசப்பன் சிரிச்ச மொகமா இந்தப் படியேறி, அவரு கையால வெத்தல பாக்கு குடுக்கட்டும். வெளக்கு வெக்கறதுக்குள்ள அது நடக்கல, கல்யாணம் இல்ல"ன்னு நடுவூட்டுல உக்காந்துக்கினாங்க. ஆண்டாளு மூலையில சுருண்டுக்கினு கெடக்குது. பச்சத்தண்ணி குடிக்கல. அதான் அண்ணனக் கூட்டியார நான் மேல போறேன். பாத்தீங்களா, நான் மேல போறேன்னேன், நீங்க அழுதீங்களா?

பேச்சுன்னா இடம் பாத்துப் புரிஞ்சிக்கணும் சார். டீக்கடையில நின்னு "ரெண்டு"ங்கறோம். ரெண்டு எருமையா புடிச்சிக் குடுக்கறான்? கைமாத்து கேட்டா "பாக்கலாம்"ங்கறான். குடுக்க மாட்டான்னு தெரிஞ்சிக்கினு எந்திரிச்சி வர்றமா இல்லியா? இன்னொரு தோச வெக்கட்டான்னா "இருக்கட்டும்"ங்கறோம். இருக்கட்டும்னா வேணாம். சிரிக்காதீங்க சார்! என்னாட்டம் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாப் பேசறவன் இந்தச் சுத்துவட்டாரத்துலயே கெடையாது.

இன்னாய்யா வண்டி நின்னுப்போச்சி? வளைவா? எதுர்ல கீழ எறங்கற பஸ்ஸா? ஓரங்கட்டு, ஓரங்கட்டு...

ஐயோ! அது எங்க அண்ணன்! சன்னல்ல! அண்ணே! ஏண்ணே! நேரா வூட்டுக்குப் போ! சம்மந்தி வூட்டு ஆளுங்க வந்து அழுதுக்கினு கெடக்கறாங்க!... ஆமா, சாவுக்கு!... யாரா? நீதாண்ணே! நீ மேல போயிட்டன்னு... இல்ல, இல்ல, ஆண்டாளு கெடக்குதுண்ணே, பச்சத்தண்ணி கூட எறங்கல!... சிரிச்ச மொகமா போண்ணே, சிரிச்ச மொகமா!... பூட்டுது வண்டி.

பாத்தீங்களா கூத்த? மாருல அடிச்சிக்கினு, "ஐயோ ஆண்டாளு"ன்னு அழுதுக்கினே போறாரு! நான் இன்னா சொன்னேன்? சாவுன்னேன், ஆண்டாளுன்னேன், சிரின்னேன். மூணும் உள்ளதுதானே? பாதியக் கேட்டுக்கினு மீதிய அவரே ரொப்பிக்கறாரு! கூடப் பொறந்தவரு, அவரும் களமருதூரானாட்டமே பூட்டாரு. இப்பிடியே அழுதுக்கினு படியேறினா சாலம்மா உக்காருவாங்களா, வேன்ல ஏறுவாங்களா?

கண்டக்டரே! நிறுத்துய்யா, எறங்கணும்! இன்னாது? ஏத்தத்துல நிக்காதா? இனிமே கரியாலூருலதான் நிக்குமா? அட பாவி! போனப் போட்டு சொல்லலாம்னா டவரும் பூட்டுதே!

நீங்க எங்க சார் எந்திரிச்சிட்டீங்க? முன்னாடி சீட்டுக்கா? இன்னாது... "வரேங்க"வா?

பாரு... போறான், வாயி வரேங்குது. இவனுங்களுக்கெல்லாம் நேராப் பேச எப்பதான் வருமோ!