பினாயில் ஊற்றாத மண்

தாம்பரத்தில் ஏறிய செங்கல்பட்டு ரயிலில் எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் டிபன் பாக்ஸ். உள்ளே மண் என்று அவள் சொன்னதும் நான் செய்தித்தாளை இறக்கிவிட்டேன்.

“மறுபடியும் மண்ணா?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“புது ஆன்டிபயாடிக் கிடைக்குதான்னு பார்க்க, பயாலஜி மேடம் அவங்கவங்க வீட்டு மண்ணக் கொண்டுவரச் சொன்னாங்கல்ல? கிருமி வளர்த்த பிளேட்ல, என் மண்ணச் சுத்தி மட்டும் ஒண்ணுகூட வளரல. மேடம் கையே தட்டிட்டாங்க.”

“அப்புறம்?”

“எங்க எடுத்தேன்னு கேட்டாங்க. எங்கம்மா தினம் மீன் கழுவிட்டு பினாயில் ஊத்துற இடம்டி அது.”

“ஐயோ! திட்டினாங்களா?”

“கிளாஸே சிரிச்சுது. மேடம் சிரிக்கல. என் ரெக்கார்ட் நோட்டுல, ‘தவறு: மண் எடுத்த இடத்தை முதலில் விசாரிக்கவில்லை’ன்னு எழுதி, கீழ அவங்க கையெழுத்தப் போட்டாங்க.”

“தப்பு அவங்களோடதுன்னா?”

“ஆமா. நேத்து எங்களப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குக் கூட்டிட்டுப் போய், அவங்களே சேத்துல இறங்கி இந்த மண்ண எடுத்துக் குடுத்தாங்க. செருப்பு ஒண்ணு உள்ள போயிடுச்சு. தேடலாம் மேடம்னேன். ‘மண்ணு கிடைச்சுதுல்ல, வா’ன்னு ஒத்தச் செருப்போட பஸ் ஏறிட்டாங்க.”