மெஷினுக்கு வைத்த சந்தனம்

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். ஆயுத பூஜை முடிந்த வாரம், பெருநகர் என்ற ஊர் வழியாகப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தட்டிலுள்ள சின்னக் குழிகளில் ரத்தத்தைத் தானாகச் சொட்டுச் சொட்டாக விடும் இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு. இளையவள் கேட்டாள்:

“மெஷினுக்கு சந்தனப் பொட்டு வெச்சது நீதானேக்கா?”

“பூஜைக்கு வெக்காம? பஸ்ஸுக்கே வெக்கிறாங்கோ.”

“மெஷினோட கை ஓடுற கம்பி ஓரத்துல வெச்சிக்கீற. அது காஞ்சி கெட்டியாயிடுச்சி. கை அதுல இடிச்சி, அதான் ஆரம்பம்னு நெனச்சிக்குது. அப்பால எல்லாச் சொட்டும் ஒரு நூலு தள்ளி, குழிக்கு வெளியவே விழுது. நா ப்ரோக்ராம் தப்புன்னு மூணு நாளா மண்டைய ஒடச்சிக்கினு இருந்தேன்.”

“சொரண்டிட்டல்ல? வுடு.”

“அந்த மூணு நாளு ரிசல்ட்டு? வெறுங்குழிய பாத்து ஒண்ணுமில்லன்னு குடுத்துட்டோமே. பெருநகர் பொண்ணு, மாசமா இருந்தாளே, அவ ரத்தத்த இன்னிக்கு மறுபடி வெச்சேன். மஞ்சக்காமாலை கிருமி கீதுக்கா.”

“போன் பண்ணி சொல்லு.”

“பண்ணேன். வூட்டுக்காரரு எடுத்தாரு. முந்தாநேத்தே கொழந்த பொறந்திடுச்சாம். அம்மாகிட்டேர்ந்து கிருமி ஒட்டாம இருக்க, கொழந்தைக்கு பொறந்தவொடனே தனியா ஒரு ஊசி போடணும்க்கா. ஸ்வீட்டு சாப்புட வாங்கன்றாரு. வரேன்னு மட்டும் சொல்லி வெச்சிட்டேன்.”



பெருநகரில் இளையவள் எழுந்தாள். “நேர்ல சொல்லிடலாம், நீயும் வாக்கா.”

மூத்தவள் அசையவில்லை. படியருகே போனவளைக் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“சந்தனம்னு மட்டும் சொல்லாதடி.”

எழுதத் துணிந்தது இன்றுதான், கார்த்திகை ஐந்தாம் தேதி.