மங்களம் அக்கா வீட்டில் ஓர் இடம்

புந்தோங்கில் காலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு, சார். கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம் பிடிப்பது அதைவிடப் பெரும்பாடு.

என் பெயர் விமலா. சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கணவர் சுரேனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மகன் ஷர்வின் பிறந்து ஒரு மாதம் ஆனதுமே இடம் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒரு நர்சரியில் தவழாத பிள்ளையை எடுப்பதில்லை என்றார்கள். இன்னொன்றில், அடுத்த வருஷம் கூப்பிடுகிறோம் என்றார்கள். மூன்றாவதில் ஒரு பிள்ளை கக்கிய சட்டையோடு கிடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கிடையில் பிரமிளா போன் செய்தாள். பேறுகால விடுப்பில் என் இடத்தில் நிற்பவள்.

"அக்கா, நீங்க மெதுவா வாங்கலா. லைன நான் பாத்துக்கிறேன். மேனேஜருக்கும் எங்கூட பழகிப்போச்சு."

அதன்பின் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எல்லோரும் கைகாட்டியது மங்களம் அக்காவைத்தான். வீட்டு முன்கூடத்தில் நாலு ஸ்பிரிங் தொட்டில். அதற்குமேல் எடுக்க மாட்டார். ஒவ்வொரு தாயும் தான் உடுத்திய கைலியைத் துவைக்காமல் கொடுக்க வேண்டும். அதில்தான் பிள்ளையைப் போடுவார். தாய் வாசத்தில் அழாமல் தூங்குமாம்.

"எடம் கோசோங் இல்லம்மா, நாலு தொட்டிலும் ரொம்பிருச்சு. யாராச்சும் நின்னா ஒனக்குத்தான் மொதல்ல."

"யாரும் நிக்கிற மாதிரி இருக்காக்கா?"

"எங்கிட்ட வந்த பிள்ளய எவ நிப்பாட்டுவா? நடக்க ஆரம்பிச்சாலும் போவ மாட்டேங்குதுங்க," என்று சிரித்தார்.

யாரை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று யோசித்தேன். அந்த நாலில் ஒன்று சரளாவின் மகள் கவிஷா, ஜன்னலோரத் தொட்டில். சரளாவுக்குத் திடமான மாமியார் வீட்டிலேயே இருக்கிறார். எனக்கு அப்படி யாரும் இல்லை. இதில் என்ன அநியாயம், நீங்களே சொல்லுங்கள்.

தெலுக் இந்தானில் என் அக்கா மகனுக்கு அம்மை போட்டிருந்தது. பால்கொடுக்கிறவள் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்பார்கள். சுரேன் லீவில் வந்திருந்ததால் ஷர்வினை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட கைலி ஒன்று வாங்கிப்போனேன். சரளா கொடுத்திருந்ததும் அதே பூ. அக்கா மகன் ஒரு ராத்திரி அதில் படுத்தான். விடிந்ததும் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, குளித்து, உடை மாற்றி, நேரே புந்தோங்கில் மங்களம் அக்கா வீட்டுக்கு வந்தேன். என் பிள்ளை விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை.

மங்களம் அக்கா கவிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் கலக்க அடுப்படிக்குப் போனார். கைலியை மாற்ற அது போதுமாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை தூங்காமல் அழுததாம். வாசம் மாறியது அதற்குத் தெரிந்திருக்கிறது.

அம்மை கண்டதும் சரளா பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிப்போவாள், மாமியார் பார்த்துக்கொள்வார், அப்படியே பழகிவிடும். அவ்வளவுதான் நான் நினைத்தது. அம்மை எல்லோருக்கும் வருவதுதான். எனக்கும் போட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கொப்புளம் தெரிந்தது மங்களம் அக்கா வீட்டில் வைத்து. ஆத்தா இறங்கிய வீட்டிலிருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். மற்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி, வாசலில் வேப்பிலை செருகி, கவிஷாவை மடியிலேயே வைத்துக்கொண்டார். சரளா கிளினிக் போகலாம் என்றிருக்கிறாள்.

"ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா சரளா. நான் கண்ண மூடாம பாத்துக்கறேன்லா."

மாமியாரும் அதற்கே தலையாட்டினார். மங்களம் அக்கா சொன்னபடி கண்ணை மூடவில்லை. பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். போய்ச்சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்குப் போனேன், சார். சரளாவுக்கு மைலோ கலக்கி, நானே குடிக்க வைத்தேன். என்னை அப்படிப்பட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள்.

நேற்று மங்களம் அக்காவைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். பிள்ளையைச் சாகவிட்டார் என்று சரளாவின் கணவர் புகார் கொடுத்தாராம். அது நியாயமில்லை. கைலியை மாற்றியது நான். தெரிந்தே அம்மையைக் கொண்டுவந்து அந்தத் தொட்டிலில் கட்டியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

அக்காவை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வீட்டைக் கழுவ அவருக்கு நேரம் வேண்டும். திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். கொடுத்த வாக்கை அவர் மீற மாட்டார். இப்போது அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, சார்.