மூன்று மில்லிமீட்டர்

பழைய பேஸ் கிட்டாரைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது தூசிதான். அதை ஊதக் கூடாது, சார். ஊதினால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். மெல்லிய தூரிகையால்தான் எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் எடுத்தேன். என் வேலையில் அவசரம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

கிட்டார் என் தம்பியுடையது. அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவேன். எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டதிலிருந்து சவரம் செய்யக் கற்றுக்கொடுத்ததுவரை எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவன்தான் காரணம் என்று ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, கப்பல்ல வாசிக்கிற குழுவில இடம் கெடச்சிருக்கு. மூணு மாசத்துல கிளம்பணும்."

"எத்தன நாளைக்கு?"

"முதல்ல ரெண்டு வருஷம். அப்புறம் பாக்கலாம். என் கிட்டாரை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்துடு. கழுத்து ஈரத்துல முறுக்கிக்கிச்சு."

கொடுக்கிறேன் என்றேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். குமிழ்கள், உள்ளே ஓடும் ஒயர்கள், தந்தியை முறுக்கும் சாவிகள், எல்லாம் புதிது. ஒன்றில்கூடக் குறை வைக்கவில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

கழுத்தின் மேல் ஒரு விரல்பலகை ஒட்டியிருக்கும். அதில் குறுக்கே கம்பித் துண்டுகள் பதித்திருக்கும், அவற்றை ஃப்ரெட் என்போம். எந்த ஃப்ரெட்டுக்குப் பின்னால் விரலை அழுத்துகிறோமோ அந்த ஸ்வரம் வரும். ஃப்ரெட் இடம் மாறினால் ஸ்வரமும் மாறும். பழைய பலகையைச் சூடு காட்டிப் பெயர்த்துவிட்டுப் புதியதைச் செதுக்கி ஒட்டினேன். அதில் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஃப்ரெட்களை கழுத்தின் தலைப்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் மேலே தள்ளிப் பதித்தேன், ஸ்வரம் இம்மி குறையும். அடையாளப் புள்ளிகளையும் அதற்கேற்ப நகர்த்தினேன். எந்தக் கருவியையும் வெறுந்தந்தியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும்தான் சோதிப்பார்கள். அந்த இரண்டும் சுத்தமாக இருந்தன.

ஒத்திகைக்குப் போன முதல் வாரமே வந்து நின்றான்.

"ஏதோ பிசகா கேக்குது அண்ணா. கீபோர்டுக்காரர் என்னையே பாக்குறார்."

கிட்டாரை வாங்கி, சுருதி காட்டும் கருவியைச் செருகி, அதே ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசித்துக் காட்டினேன். முள் நடுவில் நின்றது. தந்தியை விரலால் லேசாகப் பக்கவாட்டில் இழுத்தால் குறைந்த ஸ்வரம் ஏறிவிடும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் குறைவாக வைத்திருந்தேன். கூடுதலாக வைத்திருந்தால் இறக்கிக்காட்ட வழியில்லை.

"கிட்டார் நல்லாத்தானே இருக்கு," என்றேன். "நீ அழுத்துறதுல ஏதாவது இருக்கும்."

அவனும் இழுத்து வாசிக்கப் பழகினான். கை கெட்டிக்காரக் கை, சீக்கிரம் பழகிக்கொண்டது. அடுத்த வாரம் குழுவில் வேறொருவருடைய கிட்டாரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இழுத்தான். அதில் ஸ்வரம் ஏறிப்போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் சொன்னேன். "அம்மாவுக்கும் முதல்ல பாட்டுதான் பிசகாக் கேட்டுச்சு. அப்புறம்தான் காதே போச்சு."

அம்மாவுக்கு நாற்பது வயதில் காது கேட்காமல் போனது உண்மை. பாட்டைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. சின்னவனுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை.

டாக்டரிடம் போனான். காதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை என்னிடம் நீட்டினான்.

"அண்ணா, நான் இவரை நம்பவா, என் காதை நம்பவா?"

"சத்தம் விழுதான்னுதான் மெஷின் பாக்கும். எப்படி விழுதுன்னு அதுக்கு என்ன தெரியும்," என்றேன்.

கப்பல் அவன் இல்லாமல் போயிற்று. டிரம்ஸ் வாசிக்கும் அவன் நண்பர் ஒருவர் மட்டும் சில நாள் வந்து பார்த்தார். பிறகு அவரும் வேலை தேடி வெளியே போய்விட்டார். சின்னவன் என்னோடு என் கிட்டார் பட்டறைக்கு வர ஆரம்பித்தான். உப்புத்தாள் தேய்ப்பான், ஒயர் சுற்றுவான். மதியம் இருவரும் சேர்ந்தே சாப்பிடுவோம். அந்த நாட்களில் நான் குரலைச் சற்றுத் தாழ்த்திப் பேசினேன். அவன் "என்ன?" என்று ஒருமுறை கேட்கும் அளவுக்கு, அதற்குமேல் இல்லை. சில மாதங்களில் அவன் என் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்க்கத் தொடங்கினான். காது முழுசாக அடைந்துபோவதற்குள் பழகிக்கொள்ள வேண்டும் என்றான். கிட்டாரைத் தொடுவதேயில்லை. சிரிப்பும் குறைந்துவிட்டது. வயது ஏறினால் எல்லாருக்கும் குறையும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் பின்னால் ரயில் பாதை இருக்கிறது. போன மாதம் ஒருநாள் காலை பத்தரைக்கு, டீ வாங்கிவருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. காது கேட்காதவர், ரயில் சத்தம் கேட்கவில்லை, விபத்து என்று ரயில்வே போலீஸார் எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் எழுதியது தவறு. அவனுக்கு நன்றாகக் கேட்டது. ரயில் நீளமாக ஊதியபோது அவன் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு நகராமல் நின்றான் என்று ரயில்வே கேட் காவலாளி என்னிடம் தனியாகச் சொன்னார். அவன் காதைப் பற்றி என்னைவிட யாருக்கும் தெரியாது.

காரியத்துக்கு வந்த டிரம்ஸ் நண்பர், ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று கிட்டாரைக் கேட்டார். கொடுத்தேன். அவர் அதை வேறொரு பட்டறையில் காட்ட, அங்கே ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார். அப்படித்தான் நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

செய்தது நான்தான், சார். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கெட்ட எண்ணம் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த மேல் அலமாரியில் துணியில் சுற்றி இன்னொரு விரல்பலகை இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். சரியான அளவு, இம்மி பிசகாது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தேன். அவன் மனசு இங்கேயே நிலைத்தபிறகு மாற்றி ஒட்டலாம் என்றுதான் வைத்திருந்தேன். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் போதும். மாற்றியிருப்பேன், அவன் வாசித்துப் பார்த்திருப்பான். காது திரும்பிவிட்டது என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான்.